யார் சொன்னது? கல்லூரிக் கட்டுரையில் எழுத்துத் திருட்டு நேராமல் எழுதும் முறை

நாளைக் காலை கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். இப்போது இரவு மணி 11. பிரவுசரில் 17 டேப் திறந்து கிடக்கிறது. ஒரே ஒரு வேர்ட் ஃபைல். இரண்டு வாரமாகப் படித்ததில் பிடித்ததையெல்லாம் வெட்டி வெட்டி அதில் ஒட்டியாயிற்று. நடுநடுவே சொந்தமாக எழுதிய வரிகளும் உண்டு. எது யாருடையது? ஒட்டிய அன்றைக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குத் தெரியவில்லை.

எழுத்துத் திருட்டு என்றதும் வேண்டுமென்றே காப்பி அடிப்பவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. மற்றவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மேலே சொன்ன அந்த ஃபைலில்தான். தவறு கட்டுரை எழுதும் இரவில் நடப்பதில்லை. குறிப்பெடுத்த நாளிலேயே நடந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மேற்கோள் குறியை எங்கே போடுவது என்பதைவிட, குறிப்பு நோட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

முதலில், எது திருட்டு?

எழுத்துத் திருட்டை ஆங்கிலத்தில் குறிக்கும் பிளேஜியரிசம் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பிளேஜியாரியஸ் என்றால் ஆள் கடத்துகிறவன். 1-ஆம் நூற்றாண்டு ரோமக் கவிஞர் மார்ஷியல், தன் கவிதைகளைச் சொந்தக் கவிதைபோலச் சபையில் வாசித்தவனை அந்தச் சொல்லால் ஏசினார். நம் இலக்கணக்காரர்கள் இதை வேறு பக்கமிருந்து பார்த்தார்கள். முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று நன்னூல் பிரிக்கிறது. ஒரு நூல் இன்னொன்றின் வழியே வருவது இழுக்கில்லை, எதன் வழியே வந்தது என்பது தெரிந்தால் போதும். தொல்காப்பியத்தைத் திறந்தால் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று அடிக்கடி வரும். நானாகச் சொல்லவில்லை, அறிந்தவர்கள் சொன்னது என்று ஆசிரியர் அங்கங்கே பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறார். (எந்தப் புலவர், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று சொல்லாததற்கு இன்றைய பேராசிரியர் மதிப்பெண் குறைத்திருப்பார் என்பது வேறு விஷயம்.)

கல்லூரி கேட்பதும் அவ்வளவுதான். கட்டுரையின் எந்த வரியில் விரலை வைத்து ‘யார் சொன்னது?’ என்று கேட்டாலும் பதில் இருக்க வேண்டும். ‘நான்’ என்பதும் பதில்தான், அது உண்மையாக இருந்தால்.

அந்தக் கேள்விக்குப் பொய்யான பதில் தரும் எதுவும் இந்தக் கணக்கில் வரும். இன்னொருவர் பத்தியை அப்படியே எடுப்பது எல்லோருக்கும் தெரிந்தது. சொற்களை மாற்றிவிட்டுக் கருத்தை மட்டும் பெயர் சொல்லாமல் எடுப்பதும் திருட்டுதான். படம், வரைபடம், அட்டவணை, கணினி நிரல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காசு கொடுத்து எழுதி வாங்குவது இதில் ஆக மோசமான வகை; பல கல்லூரிகள் அதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கின்றன.

பலர் நினைத்தே பார்க்காத ஒன்று மொழிபெயர்ப்பு. ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மூன்று பத்தியைத் தமிழாக்கினால் ஒரு சொல்கூட ஒத்துப்போகாது, எந்த மென்பொருளும் எளிதில் கண்டுபிடிக்காது. ஆனாலும் சிந்தனை அவருடையது. மொழிபெயர்ப்பதை வழிநூலின் நான்கு வகைகளில் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். வழிநூல் என்று சொல்லிவிட்டாலே முதல் நூல் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாலும் இதே கணக்கு.

எதற்குச் சான்று வேண்டாம்? பொது அறிவுக்கு. கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதற்கு யாரையும் சுட்ட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது என்பதற்கும் வேண்டாம். அது ஏன் அப்படி முடிந்தது என்று ஒரு வரலாற்றாசிரியர் தரும் விளக்கத்துக்கு வேண்டும். ஒரு துறைக்குப் பொது அறிவாக இருப்பது இன்னொரு துறைக்கு அப்படி இருக்காது. அதனால் சந்தேகம் வந்தால் சான்று கொடுத்துவிடுங்கள். கூடுதலாக ஒரு சான்று கொடுத்ததற்காக யாரையும் விசாரணைக்கு அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

படி 1: அந்தப் பாடத்தின் விதியைப் படியுங்கள்

பாடத்திட்டத் தாளில் ஒரு பத்தி இருக்கும், யாரும் படிப்பதில்லை. எந்த மேற்கோள் முறை, சேர்ந்து எழுதலாமா, ஏஐ எந்த அளவுக்கு, முன்பு எழுதியதைப் பயன்படுத்தலாமா என்ற நான்கையும் பாருங்கள். ஒரு ஆசிரியர் அனுமதித்ததை அடுத்த வகுப்பில் இன்னொருவர் தடை செய்திருப்பார். எழுதப்படாதவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருப்பது நல்லது.

படி 2: குறிப்பு நோட்டுக்கும் கட்டுரைக்கும் நடுவே சுவர் எழுப்புங்கள்

இரண்டு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குறிப்பு, மற்றது கட்டுரை. கட்டுரை ஃபைலில் எதையும் ஒட்டக் கூடாது. ‘இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று நினைத்துக்கூட ஒட்டக் கூடாது. அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

குறிப்பு ஃபைலில் ஒரு நூலையோ கட்டுரையையோ திறந்ததும், ஒரு வரி படிப்பதற்கு முன்பே அதன் முழு விவரத்தை எழுதுங்கள்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் அல்லது ஆய்விதழ், டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்கு இணையத்தில் தரும் மாறாத அடையாள எண்) அல்லது இணைய முகவரி. படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று விட்டால், நூலகத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகத்தின் பக்க எண்ணைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சோடேரோ போன்ற இலவச மென்பொருள் இந்த விவரங்களை ஒரு சொடுக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது எடுத்தது சரியா என்று ஒருமுறை பார்ப்பது உங்கள் வேலை. தலைப்பில் எழுத்துகள் மாறியிருப்பதும் ஆண்டு விடுபட்டிருப்பதும் சாதாரணம்.

அதன்பின் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் ஓர் அடையாளம் போடுங்கள். நான் மூன்று எழுத்து வைத்திருக்கிறேன். ‘மே’ என்றால் மேற்கோள்: சொல்லுக்குச் சொல் அவருடையது, இரட்டை மேற்கோள் குறியும் பக்க எண்ணும் கட்டாயம். ‘சு’ என்றால் சுருக்கம்: கருத்து அவருடையது, சொற்கள் என்னுடையவை, இதற்கும் பக்க எண் உண்டு. ‘எ’ என்றால் என் எண்ணம்: படிக்கும்போது எனக்குத் தோன்றிய சந்தேகம், மறுப்பு, வேறொன்றோடு ஒப்பீடு. சிலர் மூன்று வண்ணம் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஃபைலை வேறு இடத்தில் ஒட்டும்போது வண்ணம் போய்விடுவது உண்டு, எழுத்து போகாது.

இந்த ஒழுங்கு எனக்குப் பட்டபின் வந்தது. பழைய வரைவு ஒன்றைப் புரட்டியபோது ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. ‘அடடா, நன்றாக எழுதியிருக்கிறேனே’ என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். சில வாரம் கழித்து அதே வாக்கியத்தை ஒரு புத்தகத்தின் முன்னுரையில் பார்த்தேன். அதைக் குறித்துக்கொண்ட நினைவே எனக்கு இல்லை. நல்லவேளை, அந்த வரைவு யார் கைக்கும் போகவில்லை.

ஹெலன் கெல்லருக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. 1891-இல், 11 வயதில், ஒரு கதை எழுதித் தான் படித்த பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அது அச்சில் வந்தபிறகு, மார்கரெட் கேன்பி என்பவர் முன்பே எழுதிய கதையோடு மிகவும் ஒத்திருப்பது தெரியவந்தது. அந்தப் பழைய கதையை எப்போதோ ஒருவர் அவருக்கு விரல்மொழியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். சிறுமிக்கு அது நினைவில் இல்லை, கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. குழு அமைத்து விசாரித்தார்கள். நினைவு எதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறிப்பில் ‘மே’ என்று இருந்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை.

படி 3: புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

பிறர் கருத்தை எடுத்தாள மூன்று வழி: அவர் சொல்லிலேயே மேற்கோள் காட்டுவது, நம் சொல்லில் மாற்றிச் சொல்வது, நீளமானதைச் சுருக்குவது. தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். எடுத்துக்காட்டுக்காக ஒரு பத்தியை நானே எழுதுகிறேன். 2016-இல் வந்த ஏதோ ஒரு நூலின் 42-ஆம் பக்கத்தில் இது இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“மண் ஒரு நாளில் உருவாவதில்லை. ஓர் அங்குல மேல்மண் சேர நூற்றாண்டுகள் ஆகும். ஒரே ஒரு பெருமழை அதை ஒரு மணி நேரத்தில் அடித்துச் சென்றுவிடும். ஆகவே மண்ணை வளர்ப்பதைவிட, இருக்கும் மண்ணைக் காப்பதே வேளாண்மையின் முதல் வேலை.”

இதை ஒரு மாணவர் இப்படி ‘மாற்றி’ எழுதுகிறார்:

“மண் ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஓர் அங்குல மேல்மண் சேரப் பல நூறு ஆண்டுகள் தேவை. ஒரு கனமழை அதை ஒரு மணிக்குள் அரித்துச் சென்றுவிடும். எனவே மண்ணை உருவாக்குவதைவிட, இருப்பதைப் பாதுகாப்பதே விவசாயத்தின் முதல் கடமை.”

உழைத்திருக்கிறார், இல்லை என்று சொல்ல முடியாது. ‘பெருமழை’ ‘கனமழை’ ஆயிற்று, ‘வேளாண்மை’ ‘விவசாயம்’ ஆயிற்று. ஆனால் வாக்கியங்களின் வரிசை அதே, காற்புள்ளி விழும் இடம் அதே, ‘ஆகவே’ நின்ற இடத்தில் ‘எனவே’. எலும்பு அவருடையது, சட்டை மட்டும் இவருடையது. எழுத்துப் பயிற்சி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் இதை ஒட்டுப்போட்ட எழுத்து என்ற பொருளில் பேட்ச்ரைட்டிங் என்று பெயரிட்டார். திருடும் எண்ணத்தில் நடப்பதைக் காட்டிலும், விஷயம் இன்னும் பிடிபடாதபோது கற்றுக்கொள்ளும் வழியில் நடப்பதே இது என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் மதிப்பெண் போடுகிறவர் எண்ணத்தைப் பார்க்க முடியாது, தாளைத்தான் பார்க்க முடியும். கடைசியில் நூல் பெயரைப் போட்டாலும் இது முழுதாகச் சரியாகிவிடாது: கருத்துக்குப் பெயர் சொல்லியாயிற்று, வாக்கியத்துக்குச் சொல்லவில்லை.

சரி, எப்படிச் செய்வது? பத்தியை இரண்டு முறை படியுங்கள். மூடுங்கள். ‘இவர் என்னதான் சொல்கிறார்?’ என்று பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். அதை எழுதுங்கள். பிறகுதான் திறந்து, கருத்து பிசகியிருக்கிறதா, ஏதாவது சொற்றொடர் அப்படியே வந்துவிட்டதா என்று பாருங்கள். மூடியபின் ஒன்றும் சொல்ல வரவில்லை என்றால் விஷயம் இன்னும் புரியவில்லை. எழுத்தில் அல்ல, படிப்பில்தான் குறை. மறுபடி படியுங்கள்.

அப்படி எழுதினால் இந்த மாதிரி வரும்:

“மண்காப்புக்கு நூலாசிரியர் முன்வைப்பது காலக் கணக்கு. சேர நூற்றாண்டுகள் பிடிப்பது ஒரே மழையில் போய்விடுகிறது, இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை, புது மண்ணை உண்டாக்கும் முயற்சிகளுக்கு முன்னால் காப்பு வேலைகள் நிற்க வேண்டும் என்கிறார் (2016, ப. 42). ஏற்கெனவே மேல்மண்ணை இழந்துவிட்ட நிலத்தில் இந்த வரிசை செல்லுமா என்பதை அவர் பேசவில்லை.”

கடைசி வாக்கியம் மாணவருடையது. அவருடையது எங்கே முடிகிறது, இவருடையது எங்கே தொடங்குகிறது என்பது அடைப்புக்குறியாலேயே தெரிகிறது. குறிப்பில் ‘எ’ என்று எழுதியவை வந்து உட்காரும் இடம் இதுதான். மதிப்பெண்ணும் பெரும்பாலும் இங்கேதான்.

நேரடி மேற்கோளை எப்போது எடுப்பது? அவர் சொன்ன விதமே முக்கியம் என்றால் மட்டும்: ஒரு வரையறை, ஒரு சட்ட வாசகம், நீங்கள் மறுக்கப் போகிற ஒரு கூற்று, ஒரு கவிதை வரி. தகவலுக்காக மேற்கோள் காட்டாதீர்கள். மேற்கோளாகவே அடுக்கிய கட்டுரை திருட்டு ஆகாது; கட்டுரையும் ஆகாது.

சுட்டும் வினைச்சொல்லில் தமிழ் தாராளமானது, அதைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் ‘கூறுகிறார்’ போட வேண்டாம். ‘வாதிடுகிறார்’ என்றால் எதிர்த்தரப்பு உண்டு என்று பொருள். ‘ஒப்புக்கொள்கிறார்’ என்றால் அவருக்கே சங்கடமான விஷயம். ‘சுட்டிக்காட்டுகிறார்’ என்று எழுதினால் அது உண்மைதான் என்று நீங்களும் சேர்ந்து சொல்கிறீர்கள், கவனம். ‘மழை வருமாம்’ என்று ஒரே எழுத்தில் கேள்விப்பட்டதைப் பிரித்துக் காட்டும் மொழி இது. பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 4: உடனுக்குடன் சான்று

மேற்கோள் முறைகள் பல. உளவியல், கல்வியியல், சமூக அறிவியலில் பெரும்பாலும் ஏபிஏ. அது ஆசிரியரையும் ஆண்டையும் முன்னால் வைக்கும், 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பு இப்போது புழக்கத்தில் இருக்கிறது. இலக்கியத்தில் எம்எல்ஏ, ஆசிரியரும் பக்க எண்ணும், 9-ஆம் பதிப்பு 2021-இல் வந்தது. (சட்டமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) வரலாற்றில் ஷிகாகோ முறையின் அடிக்குறிப்பு, பொறியியலில் ஐஇஇஇ முறையின் சதுர அடைப்பு எண். எதுவும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு விதி போதும்: கட்டுரைக்குள் சுட்டியதெல்லாம் கடைசிப் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் இருப்பதெல்லாம் கட்டுரைக்குள் சுட்டப்பட்டிருக்க வேண்டும். ஷிகாகோவில் மட்டும் படித்ததையும் சேர்க்க இடமுண்டு. காற்புள்ளி தவறினால் அரை மதிப்பெண் போகும். பெயர் விடுபட்டால் விசாரணை வரும். கவலையை அந்த விகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியத்தை எழுதும்போதே சான்றையும் எழுதுங்கள். கடைசியில் மொத்தமாகச் சேர்க்கலாம் என்றால் நான்கு விடுபடும்.

ஒரு நூலுக்குள் இன்னொருவர் மேற்கோளாக வந்திருந்தால், அந்த மூல நூலைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவில்லையென்றால் இன்னார் நூலில் எடுத்துக்காட்டப்பட்டபடி என்று உள்ளதைச் சொல்லுங்கள். படிக்காத புத்தகத்தைப் படித்ததாகப் பட்டியலில் காட்டுவதும் பொய்தான். அதோடு, நடுவில் இருந்தவர் தப்பாக எடுத்திருந்தால் அந்தத் தப்பு இப்போது உங்கள் பெயரிலும் வந்து சேர்கிறது.

படி 5: நண்பரும் பழைய கட்டுரையும்

சேர்ந்து படிப்பது, தலைப்பைப் பற்றிப் பேசுவது, ஒருவர் வரைவை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்வது பொதுவாகத் தவறில்லை. தனியாக எழுதச் சொன்னதைச் சேர்ந்து எழுதிவிட்டு இரண்டு பெயரில் கொடுப்பது தவறு. நண்பர் ‘எப்படி எழுதினாய் என்று பார்க்கத்தான்’ என்று ஃபைலைக் கேட்பார். பல கல்லூரி விதிகளில் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தண்டனை ஒன்றே. ஃபைலைக் கொடுப்பதற்குப் பதில் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

போன பருவத்தில் நீங்களே எழுதியதை இந்தப் பருவத்தில் மறுபடி கொடுப்பதும் பல இடங்களில் குற்றம். ‘என்னுடையதை நானே திருட முடியுமா?’ என்று கேட்கத் தோன்றும். சொத்து விஷயமில்லை இது. ஒரே வேலைக்கு இரண்டு முறை மதிப்பெண் வாங்குவதும், பழையதைப் புதியது என்று சொல்வதும்தான் பிரச்சினை. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

படி 6: ஏஐ

இதில் உலகம் முழுக்க ஒரே விதி இல்லை. முதல் படியில் சொன்ன தாளைத்தான் பார்க்க வேண்டும். அனுமதி இருந்தால், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். எப்படிச் சுட்டுவது என்று ஏபிஏ, எம்எல்ஏ இரண்டுமே 2023-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டன. என் சொந்த அளவுகோல் இது: என்ன செய்தேன் என்று ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அதைச் செய்யக் கூடாது.

சான்றுப் பட்டியலை மட்டும் ஏஐயிடம் கேட்காதீர்கள். ஆசிரியர் பெயர், ஆய்விதழ், பக்க எண் எல்லாம் அச்சு அசலாகத் தரும். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளைச் சான்றாகக் கொடுத்தார்கள். அவை இல்லாத தீர்ப்புகள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் நீங்கள் கையால் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

படி 7: ஒப்புமை அறிக்கையைப் படிப்பது

1998-இல் தொடங்கிய டர்னிட்டின் போன்ற சேவைகள் தருவது திருட்டுச் சதவீதம் இல்லை, ஒப்புமைச் சதவீதம். உங்கள் வாசகம் அவர்களிடம் உள்ள வாசகங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது மட்டும்தான். பொருத்தம் 24 சதவீதம் வரை பச்சை, 25 முதல் 49 வரை மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, 75 முதல் சிவப்பு. நிறத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியும் வேண்டாம், பதற்றமும் வேண்டாம். முறையாக மேற்கோள் காட்டிய வரிகளும், சான்றுப் பட்டியலும், கேள்வித்தாளின் வாசகமும் சேர்ந்து 30-ஐத் தொடலாம். அதில் குற்றம் ஏதும் இல்லை. 6 சதவீதம் வந்த கட்டுரையில் அந்த ஆறும் ஒரே பத்தியாக, பெயரில்லாமல் இருந்தால் அதுதான் திருட்டு. அறிக்கையைத் திறந்து வண்ணமிட்ட ஒவ்வொரு துண்டையும் பாருங்கள். எண்ணைக் குறைக்கச் சொற்களை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். மூன்றாம் படியில் பார்த்த ஒட்டுப்போட்ட பத்தி அப்படித்தான் பிறக்கிறது.

ஏஐ கண்டுபிடிப்பான்களை இதைவிடவும் குறைவாக நம்ப வேண்டும். ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட கண்டுபிடிப்பானை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் எழுதுவதுதான் காரணம். நம்மில் பலர் ஆங்கிலம் எழுதுவது அப்படித்தானே.

படி 8: குற்றச்சாட்டு வந்தால்

முதல் நாள் பதில் எழுதாதீர்கள். எந்த வரி, எந்த மூலம், எந்த விதி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிதானமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தவறு உங்களுடையது என்றால் சொல்லிவிடுங்கள். நோட்டில் கலந்துபோனது என்றால் அந்த நோட்டையே காட்டுங்கள். முதல் முறை நடந்ததற்கும் மறைத்ததற்கும் வேறுபாடு பார்க்கிற குழுக்கள்தான் அதிகம். பழையது மறந்துபோகும் என்று மட்டும் எண்ண வேண்டாம்: ஜெர்மனியின் கல்வி அமைச்சர் அனெட் ஷவான் 1980-இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் திருட்டு இருப்பதாக முடிவு செய்து, அவருடைய பல்கலைக்கழகம் 2013-இல் பட்டத்தைப் பறித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனாலும் சில நாளில் பதவி விலகினார்.

தவறு உங்களுடையது இல்லை என்றால் காட்ட வேண்டியது நீங்கள் எழுதிய தடம். கூகுள் டாக்ஸிலும் வேர்டிலும் பழைய பதிப்புகளின் வரலாறு இருக்கும். எந்த நாள் எந்தப் பத்தி முளைத்தது என்று அதில் தெரியும். ‘மே’, ‘சு’, ‘எ’ போட்ட குறிப்பு ஃபைல், பேனாவால் கிறுக்கிய வரைவு, நூலக ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டுரையைப் பற்றி வாய்மொழியாகக் கேள்வி கேட்கச் சொல்லி நீங்களே முன்வரலாம். சொந்தமாக எழுதியவருக்கு அதில் பயமிருக்காது. பெரும்பாலான கல்லூரிகளில் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, அதற்குக் கெடுவும் உண்டு. முடிவுக் கடிதம் வந்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.